லீவு கிடைக்காத மெம்பர்

"லீவு கிடையாது" என்றார் மந்திரி ஃபான் ஹெல்பிங்.

வெண்டலின் க்ராம் சிரித்துவிட்டார். சிரிக்கக்கூடாத அறை அது. ரோடன்ஃபெல்ட் நாட்டை ஆண்ட பழைய டியூக்குகள் எல்லாரும் சுவரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, வந்தவன் பூட்ஸில் சேறு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கீழ்நோக்கி முறைத்தார்கள். க்ராமின் பூட்ஸில் சேறு இருந்தது.

"என்ன சிரிப்பு, க்ராம்?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா. போன வருஷம் மாமனார் சாவுக்கு லீவு கேட்டேன். அவரை அடக்கம் பண்ணி, கல்லறை மேல புல்லு முளைச்சப்புறம் பதில் வந்துது. இந்தத் தடவை கேட்டு முடிக்கிறதுக்குள்ள வந்துடுச்சே, அதான்."

மந்திரியும் சிரித்தார். அவருடைய சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

க்ராம் ஹாசல்பாக் காட்டின் வன அதிகாரி. பச்சைக் கோட்டு, அதன் பித்தளைப் பொத்தான்களில் டியூக்கின் கிரீடம், இடுப்பில் டியூக் கையால் வாங்கிய வேட்டைக் கத்தி. இத்தனையும் இருக்கும்போதே ஹாசல்பாக் விவசாயிகள் அவரைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சிக்கல் அங்கேதான். அரசு உத்தியோகத்தில் இருக்கிறவன் சபையில் உட்கார வேண்டுமானால் மந்திரி லீவு தர வேண்டும். கூட்டத்தின் முதல் நாள் பெயர் கூப்பிடும்போது வந்து பிரமாணம் எடுக்காவிட்டால் இடம் காலி. மறுதேர்தல். மறுதேர்தலில் மந்திரியின் ஆள் நிற்பான். ஊருக்கு நான்கு போலீஸ்காரர்கள் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்க, விவசாயிகள் வாய்விட்டுத் தங்கள் ஓட்டைச் சொல்ல வேண்டியிருக்கும்.

க்ராம் கோட்டுப் பையிலிருந்து ராஜினாமாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது சுடுகிற பாத்திரம் என்பதுபோல் மந்திரி கையை இழுத்துக்கொண்டார்.

"இதை ஏத்துக்க எனக்கு ஏதுய்யா அதிகாரம்? என் கையெழுத்துக்கு இந்த நாட்டுல என்ன மதிப்பு? டியூக்கோட வாய்ச்சொல்தான் எல்லாம். அது வந்துட்டா வேற ஒருத்தன் கையெழுத்தும் தேவையில்லை. போன சபையில தொண்டை கிழியச் சொன்னேனே, நீங்க பத்திரிகை படிக்கிறதில்லையா?"

க்ராம் படித்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர்களின் பழைய கோரிக்கை அது. டியூக்கின் எந்த உத்தரவும் ஒரு மந்திரி கையெழுத்துப் போட்ட பிறகே செல்லுபடியாக வேண்டும். போட்டவனைச் சபை கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். கூட்டம் கூடும்போதெல்லாம் அவர்கள் இதைக் கிளப்புவார்கள். ஹெல்பிங் எழுந்து, டியூக்கின் சொல்லே முழுமையானது, அதற்கு வாலும் வேண்டாம் தலையும் வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார். யாருக்கும் பதில் சொல்லாமல் மந்திரியாக இருப்பதற்கு இதைவிட வசதியான கொள்கை ஏது?

"அப்ப டியூக்கிட்ட சொல்லுங்க, ஏத்துக்கச் சொல்லி."

"ஏத்துக்குவார். சபை முடிஞ்சதும்" என்றார் மந்திரி. "இன்னொண்ணு. கோபத்துல யார் மண்டையையாவது உடைச்சு வேலையை விட்டுப் போகலாம்னு நினைக்காதீங்க. கோர்ட்ல தண்டனை வாங்கினவனுக்குச் சபையில இடமில்லை. அதுவும் சட்டம்தான்."

வெளியே வரும்போது சுவரிலிருந்த டியூக்குகள் எல்லாரும் ஹெல்பிங்கின் ஜாடையில் இருப்பதாக க்ராமுக்குத் தோன்றியது.

*

ஹாசல்பாக் பக்கம் காட்டுப்பன்றியும் மானும் டியூக்கின் சொத்து. விவசாயி உருளைக்கிழங்கு நடுவான். பன்றி வந்து தோண்டும். அவன் தகரத்தைத் தட்டலாம், கூச்சல் போடலாம். கல்லால் அடித்தால் ஜெயில். தேர்தலுக்கு முன் எக்கார்ட்டின் பீர்க்கடையில் ஊர் கூடியபோது, கலெக்டர் ஆபீஸ் ஆள் ஒருவன் எழுந்து டியூக்கின் சொத்துரிமையைப் பற்றி நீளமாகப் பேசினான். மூலையில் பீர் குடித்துக்கொண்டிருந்த க்ராம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மானு டியூக்கோடது, சரி. அது வயித்துக்குள்ள இருக்கிற கோதுமை யாரோடது?"

கடை அதிர்ந்தது. தன் வேலைக்குத் தானே குழி வெட்டிக்கொண்டோம் என்று க்ராமுக்கு அப்போது தெரியவில்லை. அன்றைக்கே அவர் பெயரை முன்மொழிந்துவிட்டார்கள். விளைச்சல் சேதத்துக்கு டியூக் நஷ்டஈடு தரவேண்டும் என்ற சட்டத்தைச் சபையில் கொண்டுவர வேண்டும், டியூக்கின் காட்டுக்காரனே கொண்டுவந்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது என்பது எக்கார்ட்டின் கணக்கு.

வீட்டில் ஒட்டிலி, உப்புப் போட்டு மிடாவில் புளிக்கவைக்க முட்டைகோஸ் சீவிக்கொண்டிருந்தாள். மந்திரி சொன்னதை எல்லாம் கணவர் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவே இல்லை.

"லீவு தரமாட்டான். விலகவும் விடமாட்டான். அப்ப வேற வழி என்ன இருக்கு? அவங்களே உன்னைத் துரத்தணும்."

"என்ன பண்ணித் துரத்த வைக்கிறது? மந்திரி கன்னத்துல ஒண்ணு விட்டா ஜெயில். மரம் வெட்டி வித்தா ஜெயில்."

"ஜெயிலுக்குப் போகாம டியூக்குக்குக் கோபம் வரவைக்க முடியாதா? இருபது வருஷமா அந்த மனுஷன் பின்னாடி காட்டுல அலையிற. எதுக்குக் கோபம் வரும்னு தெரியாதா உனக்கு?"

க்ராமுக்குத் தெரியும்.

சபை கூடுவதற்கு முந்தைய நாள், வேட்டைக்காரர்களின் புனிதர் ஹூபர்ட்டின் திருநாள். டியூக்கின் பெரிய வேட்டை. இந்த வருஷம் பக்கத்து நாட்டு இளவரசரும் விருந்தாளி. பரம்பரை வழக்கப்படி காட்டின் ஒரு பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் துணிப் பட்டைகளைத் தோரணம்போலத் தொங்கவிடுவார்கள். காற்றில் துணி படபடக்கும். மான் மிரண்டு திரும்பும். திறந்திருக்கும் ஒரே வாயில் டியூக்கின் மேடைக்கு முன்னால். அந்தத் தோரணத்துக்குப் பொறுப்பு க்ராம்.

"அவிழ்த்து விட்டா என்ன தண்டனை?" என்று கேட்டாள் ஒட்டிலி.

சட்டத்தில் ஒன்றும் இல்லை. வேட்டை மரியாதையை மீறினவனுக்கு ஒரு வழக்கம் உண்டு, அவ்வளவுதான். செத்த மானின்மேல் அவனைக் குப்புறப் போட்டு, வேட்டைக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்புறத்தில் மூன்று அடி. பிறகு எல்லாரும் சிரித்து, அடி வாங்கினவனுக்கும் ஒயின் ஊற்றுவார்கள். போன வருஷம் அரண்மனைக் காரியதரிசி ஒருவர் வேட்டைக்காரர்கள் அதற்கென்று வைத்திருக்கும் தனிச் சொல்லை விட்டுவிட்டுக் கொம்பைக் கொம்பு என்றே சொல்லி, மூன்றும் வாங்கினார்.

"உன்னையும் மூணு தட்டு தட்டி, ஒயின் ஊத்தி விட்டுட்டா?"

"விருந்தாளி முன்னாடி மானத்தை வாங்கினா விடமாட்டார். துரத்துவார். வீடு போயிடும் ஒட்டிலி. பென்ஷன் போயிடும்."

அவள் மிடாவில் உப்பை அள்ளிப் போட்டாள். "வடக்குப் பக்கக் கூரை ஒழுகுது, ஒழுகுதுன்னு எத்தனை மனு போட்டோம். அவங்களே வந்து நனையட்டும்."

*

காலையில் மூடுபனி. ஓக் மரங்களுக்கு நடுவே துணிகள் வெள்ளையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் டியூக்கின் கிரீடம் அச்சிட்டிருந்தது.

க்ராம் தன் ஆட்களை எல்லாம் சூடாக சூப் குடித்துவிட்டு வரும்படி அனுப்பினார். அவர்கள்மீது ஒரு பழியும் விழக்கூடாது. தனியாக நின்று கயிற்றை அவிழ்த்தார். ஓடை வரைக்கும் அவிழ்த்துச் சுருட்டி, ஒழுங்காக மடித்து, ஒரு அடிமரத்தின்மேல் வைத்தார். இருபது வருஷப் பழக்கம், தாறுமாறாகப் போட மனம் வரவில்லை.

ஊதுகொம்பு முழங்கியது. விரட்டுகிறவர்களின் கூச்சல் தூரத்திலிருந்து நெருங்கி வந்தது. பெரிய கலைமான் ஒன்று பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டு, துணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்றது. இல்லாத துணிக்கும் பயந்தது போலிருந்தது. பிறகு ஓடையைத் தாண்டியது. அதன் பின்னால் மற்றவை, ஒன்றன்பின் ஒன்றாக.

டியூக்கின் மேடைமுன் வந்து சேர்ந்தது ஒரு முயல் மட்டும்தான். பக்கத்து நாட்டு இளவரசர் துப்பாக்கியை இறக்கி அதை மரியாதையாகப் பார்த்தார். "அழகான மிருகம்" என்றார்.

டியூக்கின் கழுத்து சிவந்தது. கொழுத்த, நல்ல மனசுக்காரர்தான். ஆனால் வேட்டையும் மரியாதையும் அவருக்கு ஒன்று. தோரணம் எங்கே என்று கத்தினார்.

"நான்தான் அவுத்தேன், பிரபு" என்றார் க்ராம், மடித்த துணிக்கட்டைக் கையில் ஏந்தி வந்து.

"ஏன்?"

"வருஷம் பூரா ஹாசல்பாக் ஜனங்க வயல்ல மேய விட்டோம். எந்தத் தோரணமும் கட்டலை. இன்னிக்கு மட்டும் எதுக்குக் கட்டணும்னு தோணுச்சு."

டியூக்கின் வாய் திறந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டதை க்ராம் பார்த்தார். அதே கணத்தில் இன்னொருவரும் பார்த்துவிட்டார். மந்திரி ஹெல்பிங் குதிரைகளுக்கு நடுவிலிருந்து ஓட்டமாக வந்து டியூக்கின் காதில் எதையோ சொன்னார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"வேட்டை மரியாதைக் குத்தம். வழக்கம் இருக்கே, பிரபு. மூணு அடி. அடிச்சுட்டு ஒயின் ஊத்துவோம். நம்ம க்ராம் நம்ம க்ராமாவே இருக்கட்டும்."

டியூக்கின் முகம் மெல்ல இளகியது. சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மூன்று அடி விழுந்தால் குற்றம் கழிந்துவிடும். நாளை காலையிலும் அவர் டியூக்கின் வன அதிகாரிதான். நாற்காலி காலி.

குப்புறப் போடச் செத்த மான் வேண்டுமே என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். ஒரு மானும் சாகவில்லை. முயல்மேல் போடலாமா என்று இளவரசர் கேட்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் ஒயின் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

க்ராம் துணிக்கட்டைக் கீழே வைத்தார். நிமிர்ந்து நின்றார்.

"படுக்க மாட்டேன்."

சிரிப்பு அங்கங்கே அறுந்தது. மந்திரி பல்லைக் கடித்துக்கொண்டு, விளையாட்டைக் கெடுக்காதீங்க, படுங்க என்றார். க்ராம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியாம மரியாதை தப்பினவனுக்குத்தான் மூணு அடி. நான் தெரிஞ்சு பண்ணினேன். நாளைக்கும் இந்தக் கத்தி என் இடுப்புல இருந்தா, நாளைக்கும் அவுத்து விடுவேன்."

"பிடிச்சுப் படுக்க வைங்க" என்றார் மந்திரி.

காட்டு ஆட்கள் தங்கள் சூப் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. இளவரசர் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, உங்க நாட்டுல உத்தரவு போடறது யாரு என்று டியூக்கிடம் விசாரித்தார். க்ராம் காத்திருந்த கதவு அது.

"எனக்கும் அதுதான் தெரியணும் பிரபு" என்றார். "என்னை வெச்சுக்கறதா, துரத்தறதான்னு நீங்க சொல்லுவீங்களா, மந்திரி சொல்லுவாரா?"

டியூக் மேடையிலிருந்து இறங்கினார். கொழுத்த உடம்பு, படி கிறீச்சிட்டது. குறுக்கே வந்த ஹெல்பிங்கைத் தோளால் ஒதுக்கினார். க்ராமின் இடுப்பிலிருந்து வேட்டைக் கத்தியைத் தானே உருவினார்.

"நான் சொல்றேன். இந்த நிமிஷத்திலேருந்து நீ என் ஆள் இல்லை. என் வீட்டைக் காலி பண்ணு."

இருபது வருஷத்துக்கு முன் இதே கை இதே கத்தியைக் கொடுத்தபோது க்ராம் தொப்பியைக் கழற்றி வணங்கியிருந்தார். இப்போதும் கழற்றினார்.

காட்டு வழியில் பின்னாலிருந்து குதிரைச் சத்தம். ஹெல்பிங். மூச்சிரைக்கக் குனிந்து சொன்னார்:

"வாய்ச்சொல், க்ராம். பணிநீக்க உத்தரவு என் ஆபீஸ்லேருந்து போகணும். போகாது. நாளைக்கு நீங்க லீவில்லாத ஒரு அரசு ஊழியர். சபைக் கதவைத் தாண்டினா நானே எழுந்து சொல்லுவேன்."

க்ராம் நடந்துகொண்டே இருந்தார். சற்று தூரம் போன பிறகுதான் மந்திரி சொன்னது முழுசாக உறைத்தது. நின்றார். திரும்பிப் பார்த்தார். குதிரை போய்விட்டிருந்தது. தனியாகக் காட்டு வழியில் நின்றுகொண்டு க்ராம், ஹெல்பிங்கின் அறையில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

*

மறுநாள் காலை தலைநகரின் சதுக்கத்தில், சபைக் கட்டிடத்துக்கு நேர் எதிரே எக்கார்ட்டின் மாட்டு வண்டி வந்து நின்றது. கட்டில், மேஜை, மெத்தை, சுவர்க் கடிகாரம், முட்டைகோஸ் மிடா. எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிலி.

க்ராமுக்கு வேறு கோட்டு இல்லை. பச்சைக் கோட்டிலிருந்த கிரீடப் பொத்தான்களை அவள் ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்து, பதிலுக்கு மரக்கட்டைத் துண்டுகளைத் தைத்திருந்தாள். பிரமாணத்துக்குக் கறுப்புக் கோட்டுதான் போடணுமாமே என்று எக்கார்ட் கவலைப்பட்டான். சட்டத்தில் கோட்டைப் பற்றி ஒன்றும் இல்லை என்றாள் அவள். இருந்தால் மந்திரி அதையும் சொல்லியிருப்பான்.

சபையில் வழக்கப்படி மூத்த உறுப்பினர்தான் முதல் நாள் தலைமை. கம்பளி வியாபாரி ஒருவர். காது மந்தம், அதனால் எல்லாரும் கத்திப் பேச வேண்டும். மாடத்தில் பொதுஜனம் நிரம்பி வழிந்தது. முயல் விஷயம் விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"ஹாசல்பாக். வெண்டலின் க்ராம்."

க்ராம் எழுந்தார். அவரோடு ஹெல்பிங்கும் எழுந்தார். இவர் அரசு வன அதிகாரி, லீவு வழங்கப்படவில்லை, ஆகவே பிரமாணம் செய்ய முடியாது என்று தெளிவாக, காது மந்தமானவருக்கும் கேட்கும்படி அறிவித்தார். தலைவர் க்ராமைப் பார்த்தார்.

"நான் அதிகாரி இல்லீங்க. நேத்து டியூக் என்னைத் துரத்திட்டார். கத்தியைப் பிடுங்கிட்டார். இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் பக்கத்துல நின்னு பார்த்தாங்க."

பாதிப் பேர் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"பணிநீக்க உத்தரவு எதுவும் வெளியாகவில்லை" என்றார் மந்திரி.

"அப்ப ஒரே ஒரு கேள்வி" என்றார் க்ராம். மேடைப் பேச்சு வராது அவருக்கு. பீர்க்கடையில் கேட்ட அதே குரலில்தான் கேட்டார். "டியூக் தன் வாயால சொன்னது செல்லுமா, இல்ல, உங்க கையெழுத்து விழுந்தாத்தான் செல்லுமா?"

எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் மெல்ல முன்னால் சாய்ந்தார். பிறகு இன்னொருவர். கேள்வியின் அடியில் என்ன இருக்கிறது என்பது புரியப் புரிய, ஒவ்வொரு முகமாக வெளிச்சம் பரவியது. செல்லாது என்று ஹெல்பிங் சொன்னால், மந்திரி கையெழுத்தில்லாத டியூக்கின் சொல் செல்லாது என்று அவரே சபைக் குறிப்பில் ஏற்றிவிட்டதாக ஆகும். இத்தனை கூட்டங்களில் அவர்கள் கெஞ்சியும் கிடைக்காதது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் இந்த மண்டபத்தில் வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதைவிட மோசம், சாயங்காலம் அரண்மனைக்குப் போய், உங்கள் சொல் செல்லாது என்று சபையில் சொல்லிவிட்டு வந்தேன் என்று டியூக்கின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஹெல்பிங் நெற்றியைத் துடைத்தார். தலைவர் காதில் கையைக் குவித்தார்.

"மந்திரி என்ன சொன்னார்? எனக்குக் கேட்கலை."

"இன்னும் சொல்லலை" என்று மாடத்திலிருந்து எக்கார்ட் கத்தினான்.

"டியூக்கின் சொல்..." என்றார் மந்திரி. நிறுத்தினார். "செல்லும்."

"சத்தமா."

"செல்லும்" என்று கத்திவிட்டு உட்கார்ந்தார்.

க்ராம் மேஜைக்கு நடந்தார். பூட்ஸில் இன்றைக்கும் சேறு. கம்பளத்தில் நீளமாகத் தடம் விழுந்தது. வலது கையைத் தூக்கி, நாட்டின் நன்மைக்காகவும் தன் மனசாட்சிப்படியும் பேசுவதாகப் பிரமாணம் செய்தார். கையைத் தூக்கிய வேகத்தில் மரப் பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். க்ராம் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு கையை மறுபடி தூக்கினார்.

"தீர்மானம் ஒண்ணு இருக்கு. மான் வயித்துல போன கோதுமை பத்தி."

சதுக்கத்தில் ஒரு போலீஸ்காரன் வண்டிக்கு வந்து, இங்கே நிற்கக்கூடாது, நகர்த்து என்றான். மாட்டை அதட்டக்கூட ஒட்டிலி எழுந்திருக்கவில்லை. மிடாவிலிருந்து ஒரு பிடி முட்டைகோஸை எடுத்து, புளித்திருக்கிறதா என்று தின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் புளிக்கவில்லை, வாரக்கணக்கில் ஆகும்.

"கூட்டம் நடக்கிற வரைக்கும் மெம்பர் வீட்டுல போலீஸ் கை வைக்கக்கூடாதாமே?" என்றாள்.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"இதுதான் தம்பி மெம்பர் வீடு."